ரோபாட்டிக்ஸ் இளநிலைப் படிப்பு: எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் வைப்பது?

புதுமுகம்

வணக்கம். ரோபாட்டிக்ஸ் பொறியியல் இளநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். நான்கு ஆண்டுகள், எட்டு செமஸ்டர்கள். கட்டாயப் பாடங்களைக்கூட எந்த செமஸ்டரில் எடுப்பது என்பதை ஓரளவு நாங்களே முடிவு செய்துகொள்ளலாம். முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அதனால் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன்.

முதலாண்டில் நுண்கணிதம், இயற்பியல், பைதான் நிரலாக்கம், பொறியியல் வரைபடம். இரண்டாம் ஆண்டில் மின்சுற்றுகள், நிலையியல், தரவுக் கட்டமைப்புகள், நேரியல் இயற்கணிதம். நான்காம் செமஸ்டரிலேயே இயந்திரக் கற்றல். மூன்றாம் ஆண்டில் ரோபாட்டிக்ஸ் அறிமுகம், மைக்ரோகன்ட்ரோலர், இயக்கவியல். ஆறாம் செமஸ்டரில் நிகழ்தகவும் கட்டுப்பாட்டியலும். கடைசி ஆண்டு முழுக்க விருப்பப் பாடங்களும் இறுதித் திட்டப்பணியும்.

ரோபோக் கைகளும் பிடிக்கும், நடக்கும் ரோபோக்களும் பிடிக்கும். இயந்திரவியல், மின்னணுவியல், கணினி என மூன்று பிரிவுகளில் ஒன்றை மூன்றாம் ஆண்டில் சிறப்புப் பிரிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரைவில் எங்கே இடிக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பின்னூட்டம்

முதல் செமஸ்டரிலிருந்து முன்னோக்கித் திட்டமிட்டிருக்கிறீர்கள். கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள், சிக்கல் தானாகத் தெரியும்.

இறுதித் திட்டப்பணி ஏழாம் செமஸ்டரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்கும் ரோபோவோ கையோ, அதைச் செய்ய ரோபோ இயக்கவியல் (உங்கள் வரைவில் உள்ள பொது இயக்கவியல் அல்ல, தனிப் பாடம்) தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கட்டுப்பாட்டியல் வேண்டும். கட்டுப்பாட்டியலுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும் சிக்னல்கள் பற்றிய பாடமும் வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு இரண்டு செமஸ்டர் நுண்கணிதம் வேண்டும். எண்ணிப் பாருங்கள்: நுண்கணிதம் இரண்டு, வகைக்கெழுச் சமன்பாடு, சிக்னல்கள், கட்டுப்பாட்டியல், ரோபோ இயக்கவியல். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பாடங்கள், ஆறு செமஸ்டர்கள். இந்தச் சங்கிலியில் ஓர் இடம்கூடத் தளர்வு இல்லை. எதை எங்கே தள்ளினாலும் இதை மட்டும் தள்ள முடியாது.

உங்கள் வரைவில் கட்டுப்பாட்டியல் ஆறில் இருக்கிறது. அப்படியானால் ரோபோ இயக்கவியல் ஏழில்தான் வரும், அதே நேரத்தில் திட்டப்பணியும் ஓடும். நிற்க வேண்டிய ரோபோ ஏன் ஆடுகிறது என்பதைப் பாடம் சொல்லித் தருவதற்குள் வடிவமைப்பை முடித்துக் கொடுத்திருப்பீர்கள்.

என் பரிந்துரை: மேலே சொன்ன சங்கிலியை முதலில் கட்டத்தில் எழுதுங்கள். மற்றவற்றை அதைச் சுற்றி நிரப்புங்கள். வகைக்கெழுச் சமன்பாடு மூன்றில், சிக்னல்கள் நான்கில், கட்டுப்பாட்டியல் ஐந்தில். வரைவில் சிக்னல்கள் பாடமே இல்லை, கவனித்தீர்களா? அது விருப்பப் பாடம் போலப் பட்டியலின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். தேடி எடுங்கள்.

அணிக்கோவை

கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டு இடங்களில் மட்டும் தலையிடுகிறேன்.

நேரியல் இயற்கணிதம் இரண்டாம் ஆண்டுக்கு உரியது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு நுண்கணிதம் தேவையே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2022இல் ரோபாட்டிக்ஸ் இளநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, முதலாண்டு மாணவர்களுக்கு நேரியல் இயற்கணிதத்தையே கணிப்பு வழியாக, ஜூலியா மொழியில் நிரல் எழுதவைத்துக் கற்பிக்கும் பாடத்தை முன்னால் வைத்தார்கள். மிகச் சரியான முடிவு என்பேன். கல்லூரிக்குள் நுழைந்த உடனே பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கவும் புள்ளிகளுக்குக் கோடு பொருத்தவும் தெரிந்துவிடுகிறது. உங்கள் கல்லூரி அனுமதித்தால் முதல் செமஸ்டரிலேயே எடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் செமஸ்டர், அதற்கு மேல் போகக் கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம்? ரோபோவின் கை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைச் சொல்ல 3×3 அணி ஒன்று வேண்டும். அதில் ஒன்பது எண்கள். ஆனால் நிரைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஓரலகு நீளத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஆறு நிபந்தனைகள் கட்டிப்போடுகின்றன. மிஞ்சுவது மூன்று சுதந்திரம். 'அப்படியானால் மூன்று கோணங்களே போதுமே' என்று எல்லா மாணவர்களும் கேட்பார்கள். போதும், நடுக்கோணம் ஒரு குறிப்பிட்ட மதிப்புக்கு வரும்வரை. அங்கே இரண்டு அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு சுதந்திரம் காணாமல் போகும். அதைத் தவிர்க்கத்தான் ஹாமில்டன் 1843இல் கண்டெடுத்த குவாட்டர்னியன்களை நான்கு எண்களுடன் இன்றும் பயன்படுத்துகிறோம். இந்த ஒரு விஷயம் புரிய அணி, வெக்டர், செங்குத்துத்தன்மை எல்லாம் கையில் பழகியிருக்க வேண்டும். ரோபாட்டிக்ஸ் அறிமுக வகுப்பில் முதல் சில வாரங்களிலேயே இது வந்துவிடும். அணிப் பெருக்கலில் தடுமாறுகிறவர் அங்கே இயந்திரத்தைப் பார்க்கவே மாட்டார், எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, நிகழ்தகவு. ஆறாம் செமஸ்டர் மிகத் தாமதம். சென்சார் பொய் சொல்லும் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் ரோபாட்டிக்ஸ் தொடங்குகிறது. ஒரு கணக்கு: முடுக்கமானியில் நொடிவர்க்கத்துக்கு 0.01 மீட்டர் என்ற சிறு நிலையான பிழை இருக்கிறது. அதை இருமுறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் பிழை ½ × 0.01 × 3600, அதாவது 18 மீட்டர். நின்ற இடத்திலேயே நிற்கும் ரோபோ, அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டதாக நம்பும். இதைச் சமாளிக்கும் கால்மன் ஃபில்டர் 1960இல் வந்தது. அதன் சமன்பாடுகளை மனப்பாடம் செய்வது எளிது. இணைமாறுபாட்டு அணி எதைக் குறிக்கிறது என்பது நிகழ்தகவைப் படிக்காமல் விளங்காது. நான்காம் செமஸ்டரில் இயந்திரக் கற்றல் இருக்கும் இடத்தில் நிகழ்தகவை வையுங்கள்.

குறிமுறை

மேலே இருவரும் சொன்னதில் பெரிதாக மாறுபாடு இல்லை. ஆனால் எல்லோரும் கணிதச் சங்கிலியைப் பற்றியே பேசுகிறோம். மென்பொருளுக்கும் ஒரு சங்கிலி இருக்கிறது, அதை யாரும் முன்தேவை என்று அச்சிட்டுத் தருவதில்லை.

பைதான் தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் மோட்டாரை ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை கவனிக்க வேண்டிய நிரலைப் பெரும்பாலும் சி அல்லது சி++ மொழியில்தான் எழுதுவார்கள். நினைவகம் எங்கே ஒதுக்கப்படுகிறது, யார் விடுவிக்கிறார்கள் என்று தெரியாமல் மூன்றாம் ஆண்டில் மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகத்துக்குப் போனால், அந்த செமஸ்டர் முழுவதும் மொழியோடு போராடவே சரியாக இருக்கும். இரண்டாம் செமஸ்டரில் சி++, மூன்றில் தரவுக் கட்டமைப்புகள், ஐந்துக்குள் இயங்குதளங்கள் பற்றிய பாடம்.

இயங்குதளப் பாடம் கணினித் துறையினருக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், தரையிறங்கிய சில நாட்களில் தன்னைத்தானே மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் உள்ளே விடும் பொதுவான பூட்டைப் பிடித்துவைத்திருந்தது. உயர்ந்த முன்னுரிமைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி குறுக்கே புகுந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்தது. குறித்த நேரத்தில் வேலை முடியாததால் கண்காணிப்புக் கடிகாரம் எல்லாவற்றையும் அணைத்துத் தொடங்கியது. பூட்டை வைத்திருக்கும் பணி, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளும் வசதி அந்த இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை இயக்கியதும் சரியானது. பல பணிகள் ஒரே செயலியில் ஓடும் எந்த ரோபோவிலும் இது நடக்கலாம்.

ரோபோ நிரல்களை எழுத உதவும் ராஸ் (ROS) என்ற மென்பொருள் தொகுப்பு பற்றிக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். அதற்காக முழு கிரெடிட் பாடம் ஒன்றைச் செலவழிக்காதீர்கள். ராஸ் 1இன் கடைசிப் பதிப்புக்கு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது, இப்போது எல்லோரும் ராஸ் 2இல் இருக்கிறார்கள். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். விடுமுறையில் வழிகாட்டிப் பாடங்களைச் செய்து பழகிக்கொள்ளலாம். நிரலின் பதிப்புகளை கிட் (Git) என்ற கருவியில் பாதுகாக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரக் கற்றலை முழுவதும் பின்னுக்குத் தள்ளச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நிகழ்தகவு நான்கில் முடிந்தால் இயந்திரக் கற்றலை ஐந்தில் எடுக்கலாம். இன்று பொருட்களை அடையாளம் காண்பது, பிடிப்பது, நடப்பது எல்லாவற்றிலும் அது நுழைந்துவிட்டது. கடைசி ஆண்டில் அறிமுகமாகும் மாணவருக்கு அதைத் திட்டப்பணியில் பயன்படுத்த நேரம் இருக்காது.

ஆறு_அச்சு

தொழிற்சாலை ரோபோக்களோடு வேலை செய்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

ஒரு எளிய கை. நீளம் அரை மீட்டர், நுனியில் 2 கிலோ எடை. கையின் சொந்த எடையை விட்டுவிடுவோம். கிடைமட்டமாக நீட்டி அசையாமல் பிடித்திருக்கவே தோள்மூட்டில் 2 × 9.81 × 0.5, ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். உங்களிடம் இருக்கும் மோட்டார் 0.1 நியூட்டன் மீட்டர் தருகிறது. 'சரி, நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கியர் போடுவோம்' என்பீர்கள். விசை கிடைத்துவிடும், அதுவும் கியரில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். ஆனால் மோட்டார் சுழலியின் நிலைமத் திருப்புத்திறன், வெளிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது விகிதத்தின் வர்க்கத்தால் பெருகும்: பத்தாயிரம் மடங்கு. கை யார் மீதாவது மோதினால் அவர் உணர்வது கையின் எடையை மட்டுமல்ல, அந்தச் சிறிய சுழலியைப் பத்தாயிரத்தால் பெருக்கிய கனத்தையும் சேர்த்துத்தான். நடக்கும் ரோபோ தரையில் காலை ஊன்றும்போதும் இதே கதை. அதனால்தான் கால் ரோபோக்கள் பலவற்றில் குறைந்த கியர் விகிதமும் பெரிய விட்டமுள்ள மோட்டாரும் வைக்கிறார்கள்.

இது எந்தப் பாடத்தில் வருகிறது? இயக்கவியலிலும் இயந்திர உறுப்புகள் வடிவமைப்பிலும். உங்கள் வரைவில் இரண்டாவது இல்லவே இல்லை. கியர், பேரிங், பெல்ட், தண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் வடிவமைக்கும் மூட்டில் தளர்வு இருக்கும். அந்தத் தளர்வை எந்தக் கட்டுப்பாட்டு நிரலும் முழுதாக மறைக்காது. பொறியியல் வரைபடத்தோடு கணினிவழி வடிவமைப்பும் ஒரு பட்டறைப் பயிற்சியும் முதலாண்டிலேயே இருக்கட்டும். தான் வரைந்த பாகத்தைத் தானே கடைந்து பார்த்தவருக்குத்தான் துளையின் அளவில் எவ்வளவு விலக்கம் தாங்கும் என்று விரலில் தெரியும்.

இன்னொன்று. ரோபோக் கைகளின் இணைப்புகளை நான்கு எண்களால் விவரிக்கும் டெனாவிட்–ஹார்ட்டன்பர்க் முறை 1955இலிருந்து இருக்கிறது. அதைத் தாளில் போட்டுப் பழகுங்கள். பிறகு மூட்டுகளின் வேகத்தை நுனியின் வேகத்தோடு இணைக்கும் ஜக்கோபியன் அணியை எழுதி, அதன் அணிக்கோவை எங்கே சுழியாகிறது என்று கண்டுபிடியுங்கள். கை முழுதாக நீண்டிருக்கும் நிலை அதில் ஒன்று. அங்கே நுனியை இன்னும் வெளியே நகர்த்தச் சொன்னால் மூட்டுகளிடம் முடிவிலி வேகத்தைக் கேட்கிறீர்கள் என்று பொருள். உண்மையான இயந்திரத்தில் அந்த இடத்துக்கு அருகே போகும்போது மூட்டு ஒன்று சட்டென்று சுழலும். பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாத தருணம் அது.

புதுமுகம்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, சிக்னல்கள் மூன்றையும் முன்னால் கொண்டுவருகிறேன். ஆனால் எல்லோர் சொன்னதையும் சேர்த்தால் நான்காம் செமஸ்டரில் ஏழு பாடங்கள் வருகின்றன. எதையாவது விட வேண்டும். இயக்கவியலை விட்டுவிட்டு இயந்திரக் கற்றலை வைத்துக்கொள்ளலாமா? நடக்கும் ரோபோக்களை இப்போது சிமுலேட்டரில் பயிற்றுவித்து நேரடியாக இறக்குகிறார்களே?

பின்னூட்டம்

விடக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சிமுலேட்டருக்குள் இருப்பதும் இயக்கவியல்தான். பாதம் தரையைத் தொடும் கணத்தில் என்ன விசை உண்டாகிறது, உராய்வை எப்படி எண்ணாக்கியிருக்கிறார்கள், கியரின் உராய்வைச் சேர்த்தார்களா இல்லையா என்பதையெல்லாம் அந்த மென்பொருள் ஏதோ ஓர் எளிமைப்படுத்தலோடு செய்கிறது. சிமுலேட்டரில் ஓடிய ரோபோ நிஜத்தில் விழும்போது காரணம் அந்த எளிமைப்படுத்தலில்தான் இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர் இன்னும் அதிக நேரம் பயிற்றுவிப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது.

தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்களின் ரோபோக்களில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். சென்சாரிலிருந்து கட்டளை மோட்டாருக்குப் போக 20 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். நொடிக்கு 5 முறை அதிரும் அசைவை அடக்கப் பார்க்கிறீர்கள். 360 × 5 × 0.02: அலைவின் கட்டம் (phase) 36 பாகை, அதாவது ஒரு முழு அலைவில் பத்தில் ஒரு பங்கு, பின்தங்குகிறது. நிலைத்தன்மைக்கு 45 பாகை இடைவெளி வைத்திருந்தால் அதில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிட்டது. மாணவர்கள் பிஐடி (PID) என்ற வழக்கமான கட்டுப்பாட்டு முறையின் மூன்று எண்களையும் இரவு முழுக்கத் திருகிக்கொண்டிருப்பார்கள். அந்த எண்களைத் தேர்ந்தெடுக்க ஜீக்ளரும் நிக்கல்ஸும் 1942இல் தந்த விதிமுறையைப் போட்டாலும் தாமதத்தைக் குறைக்காமல் அது சரியாகாது. எங்கே தேட வேண்டும் என்று சொல்லித் தருவது சிக்னல்களும் கட்டுப்பாட்டியலும்.

குறிமுறை

இயக்கவியலை விடக் கூடாது என்பதில் பின்னூட்டத்தோடு நிற்கிறேன். இயந்திரக் கற்றலை ஆதரித்தவனே சொல்கிறேன். நான்காம் செமஸ்டரில் இடம் வேண்டுமென்றால் மின்சுற்றுகளை இரண்டுக்குக் கொண்டுவாருங்கள், இயந்திரக் கற்றலை ஐந்துக்குத் தள்ளுங்கள்.

ஆனால் ஒன்று மறுக்கிறேன்: 'இன்னும் அதிக நேரம் பயிற்றுவிப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது' என்பது முழு நியாயமல்ல. பயிற்சியின்போதே உராய்வையும் எடையையும் தாமதத்தையும் தாறுமாறாக மாற்றிக்கொடுத்து, எல்லாவற்றையும் தாங்கும்படி பழக்குவது நன்றாகவே வேலை செய்கிறது. எந்த எல்லைக்குள் மாற்றுவது என்று தீர்மானிக்க இயக்கவியல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்னூட்டம்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எல்லையைத் தீர்மானிப்பவர்தான் அங்கே பொறியாளர்.

மூன்றாமாண்டு

நானும் இதே படிப்பில்தான் இருக்கிறேன். பெரியவர்கள் பாடங்களின் உள்ளடக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். கால அட்டவணை பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் எங்கள் வகுப்பில் பலரைக் கவிழ்த்தது.

எந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கிறது என்று முதலில் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பின்னூட்டம் சொன்ன சங்கிலியில் அப்படி ஒரு பாடம் இருந்து, அதைத் தவறவிட்டால் ஒரு செமஸ்டர் போவதில்லை. ஓர் ஆண்டே போகும். மேலே உள்ள எல்லாமும் அதோடு நகரும். அந்தப் பாடங்களுக்குக் கட்டத்தில் சிவப்பு நிறம் கொடுங்கள்.

கிரெடிட் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஏதாவது ஒன்றைக் கட்டி முடித்துக் காட்ட வேண்டிய ஆய்வகத்துக்கும் தாளில் முடியும் ஆய்வகத்துக்கும் ஒரே கிரெடிட்தான் தருகிறார்கள். கட்டும் வகை ஆய்வகம் இரண்டு ஒரே செமஸ்டரில் வந்தால் இரண்டின் கடைசி வாரங்களும் ஒன்றாக மோதும். மைக்ரோகன்ட்ரோலரும் இயந்திர வடிவமைப்பும் ஒன்றாக வேண்டாம். ஆனால் எந்த செமஸ்டரும் கட்டும் வேலை இல்லாமலும் இருக்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளில் வெறும் தேர்வுகளாகவே ஓடினால், நீங்கள் ஏன் இதில் சேர்ந்தீர்கள் என்பதே மறந்துபோகும். பாடத்தில் இல்லையென்றால் மாணவர் குழு எதிலாவது சேர்ந்து ஒரு சின்னப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். வாரவாரித் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் துறையில் லாப்லாஸ் மாற்றம் என்ற கணித முறை மின்சுற்றிலும் சிக்னலிலும் கட்டுப்பாட்டியலிலும் புதிதாகவே தொடங்கிப் போனது. முப்பரிமாணச் சுழற்சியை, அது ஏற்கெனவே தெரியும் என்று மூன்று ஆசிரியர்களும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் நடத்தவில்லை.

அணிக்கோவை

மூன்றாமாண்டு சொல்வது பல இடங்களில் நடப்பதுதான். காரணமும் எளிது. இந்தப் பட்டம் மிக இளையது. அமெரிக்காவில் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனம் ரோபாட்டிக்ஸ் பொறியியலுக்கென்று இளநிலைப் பட்டம் தொடங்கியதே 2007இல்தான். அதற்கு முன் இயந்திரவியல், மின்னியல், கணினி என்று ஏதோ ஒரு துறையில் படித்துவிட்டு மற்ற இரண்டையும் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள்தான் ரோபோ செய்தார்கள். இன்றும் பல கல்லூரிகளில் மூன்று துறைகளின் பாடங்களை ஒட்டித்தான் பாடத்திட்டம் தயாராகிறது. ஒட்டிய இடங்களில் இடைவெளி இருக்கும். ஆலோசகப் பேராசிரியரிடம் இதை வெளிப்படையாகக் கேட்கலாம், தவறில்லை. 'சுழற்சி அணிகளை எந்தப் பாடத்தில் எந்த வாரம் நடத்துகிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

புதுமுகம்

மாற்றிய திட்டம் கீழே.

முதல் செமஸ்டர்: நுண்கணிதம் 1, நேரியல் இயற்கணிதம் (ஆலோசகரிடம் கேட்டேன், அனுமதித்துவிட்டார்), இயற்பியல், பைதான், பட்டறைப் பயிற்சியோடு பொறியியல் வரைபடம்.
இரண்டாவது: நுண்கணிதம் 2, மின்சுற்றுகள், சி++, நிலையியல், கணினிவழி வடிவமைப்பு.
மூன்றாவது: வகைக்கெழுச் சமன்பாடுகள், இயக்கவியல், தரவுக் கட்டமைப்புகள், மின்னணுவியல், மொழிப்பாடம்.
நான்காவது: சிக்னல்கள், நிகழ்தகவு, மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகம், ரோபாட்டிக்ஸ் அறிமுகம்.
ஐந்தாவது: கட்டுப்பாட்டியல், இயந்திரக் கற்றல், இயங்குதளங்கள், இயந்திர உறுப்புகள் வடிவமைப்பு.
ஆறாவது: ரோபோ இயக்கவியல், நிலை மதிப்பீடும் கால்மன் ஃபில்டரும், பாதைத் திட்டமிடல், ஒரு விருப்பப் பாடம்.
ஏழும் எட்டும்: திட்டப்பணி, கணினிப் பார்வை, மீதி விருப்பப் பாடங்கள்.

சிறப்புப் பிரிவு எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கைகளா, கால்களா என்பதும் முடிவாகவில்லை.

ஆறு_அச்சு

இது நிற்கும் திட்டம். நான்காம் செமஸ்டரில் நான்கு பாடங்களோடு நிறுத்தியதும் நல்லது. மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகம் மீதி நேரத்தைத் தின்றுவிடும்.

பாதுகாப்பு பற்றிய பாடம் எங்கும் இல்லை. தொழிற்சாலை ரோபோக்களுக்கான பாதுகாப்புத் தரநிலை ஐஎஸ்ஓ 10218, மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்கு 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 ஆகியவற்றை முழுப் பாடமாக நடத்த மாட்டார்கள். உங்கள் ஆறாம் செமஸ்டரின் விருப்பப் பாடத்தை இடர் மதிப்பீடு தொடர்பாகத் தேர்ந்தெடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் திட்டப்பணி அறிக்கையில் ஓர் அத்தியாயமாகவாவது எழுதுங்கள். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் கை கீழே விழும், விழும் இடத்தில் யாருடைய கையாவது இருக்கலாம். பிரேக் வேண்டுமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

கைகளா கால்களா என்று இப்போது முடிவு செய்யத் தேவையில்லை. ஆறாம் செமஸ்டர்வரை இரண்டுக்கும் ஒரே பாடங்கள்தான்.

குறிமுறை

சிறப்புப் பிரிவைப் பற்றி: ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போது, எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை யாரும் கேட்காமலேயே நீட்டிச் செய்தீர்கள் என்று பாருங்கள். அந்தப் பக்கம் போங்கள். மூன்றிலும் சமமாக இருக்க முயல வேண்டாம். ரோபோக் குழு என்பது பலர் சேர்ந்தது. ஒன்றில் ஆழமாக இருந்து, மற்ற இரண்டில் சக பொறியாளர் சொல்வதைப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி கேட்க முடிந்தால் போதும்.

கணினிப் பார்வையை மட்டும் ஏழிலிருந்து ஆறுக்குக் கொண்டுவந்து, பாதைத் திட்டமிடலை ஏழுக்கு அனுப்பலாம். கேமரா அளவுதிருத்தம் தெரியாமல் திட்டப்பணியைத் தொடங்கினால் சிரமம். பாதை தேடும் 1968இன் ஏ-ஸ்டார் முறையைத் தரவுக் கட்டமைப்புகள் வகுப்பிலேயே பெரும்பாலும் பார்த்துவிடுவீர்கள், 1998இல் வந்த ஆர்ஆர்டி முறையையும் ஒரு வார இறுதியில் எழுதிப் பார்க்கலாம்.

மூன்றாமாண்டு

ஏழாம் செமஸ்டரில் திட்டப்பணியைத் தவிர வேறு கட்டும் வேலை எதுவும் இல்லையே? நல்லது. ஆனால் திட்டப்பணிக்கான குழுவை ஆறாம் செமஸ்டர் நடுவிலேயே சேர்த்து, மோட்டார்களையும் கியர்பெட்டிகளையும் விடுமுறைக்கு முன்பே வரவழைத்துவிடுங்கள். 2004இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய பாலைவன ஓட்டத்தில், ஓட்டுநரில்லா வண்டிகளில் மிக அதிக தூரம் போனதுகூட 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. 2005இல் ஐந்து வண்டிகள் 212 கிலோமீட்டர் பாதையை முடித்தன. இடையில் கிடைத்தது பரிசோதிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல். பாகங்கள் ஏழாம் செமஸ்டர் பாதியில் வந்து சேர்ந்தால் உங்களுக்கு அந்த நேரம் கிடைக்காது.

புதுமுகம்

கணினிப் பார்வையை ஆறுக்கு மாற்றிவிட்டேன். இடர் மதிப்பீட்டுக்கு உற்பத்திப் பொறியியல் துறையில் ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது, ஆனால் அது ஒற்றைப்படை செமஸ்டர்களில் மட்டும்தான் நடக்கிறதாம். ஐந்தில் வைத்தால் இயந்திர உறுப்புகள் வடிவமைப்போடு நேரம் இடிக்கிறது. ஏழில் வைக்கட்டுமா?

ஆறு_அச்சு

ஏழில் வையுங்கள். திட்டப்பணியின் இயந்திரம் கையில் இருக்கும்போதுதான் அந்தப் பாடத்துக்கான பயிற்சியை உங்கள் சொந்த இயந்திரத்தின் மீதே செய்து கொடுக்கலாம். இரண்டு அறிக்கைகளுக்கும் ஒரே பகுப்பாய்வு பயன்படும். பேராசிரியர்கள் இருவரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.